கதவு திறந்திருக்குன்னு சொன்னீங்களே: இஷாந்த் சர்மா விஷயமா கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர், செயலாளர், தேர்வுக்குழுவில இருக்குற எல்லாருக்கும்,

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 2021 நவம்பர் கடைசியில கான்பூர்ல நியூசிலாந்துக்கு எதிரா வேகப்பந்து வீச்சாளர் இஷாந்த் சர்மா தன்னோட 105-வது டெஸ்ட் ஆடினாரு, விக்கெட் எதுவும் விழல, மேட்சும் டிரா. அடுத்த மும்பை டெஸ்ட்டுக்கு சுண்டுவிரல்ல அடின்னு வெளிய உக்கார வச்சீங்க. அதுக்கப்புறம் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, மூணு டெஸ்ட்லயும் இறக்கல. 2022 பிப்ரவரில இலங்கை சீரிஸுக்கு டீம் அறிவிக்கும்போது ரஹானே, புஜாரா, சாஹா, இஷாந்த்னு நாலு பேரையும் ஒரே நாள்ல தூக்கிட்டீங்க. அப்போ தேர்வுக்குழுத் தலைவரா இருந்த சேத்தன் சர்மா, இந்த சீரிஸுக்கு மட்டும்தான் பாக்கல, யாருக்கும் கதவை மூடிடல, போய் ரஞ்சி ஆடட்டும்ங்கிற மாதிரி சொன்னாரு.

சரி, அந்தக் கதவு வழியா புஜாரா திரும்ப வந்தாரு, ரஹானேவும் 2023 டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு வந்தாரு. இஷாந்துக்கு என்ன ஆச்சு? நீங்க வருஷா வருஷம் போடுற காண்ட்ராக்ட் லிஸ்ட்ல ஏ கிரேடுல இருந்தவரு 2022-ல பி கிரேடு ஆனாரு, 2023-ல பேரே இல்ல. அவ்வளவுதான், வெளிய இருக்குற எங்களுக்குத் தெரிஞ்சது அந்த லிஸ்ட்ல பேர் காணாமப் போனது மட்டும்தான். உங்க பக்கத்துல இருந்து ஒரு அறிக்கை, ஒரு நன்றி, "இனிமே உங்களை டெஸ்ட்டுக்கு பாக்க மாட்டோம்"னு ஊரறிய ஒரு வரி கூட கிடையாது. வாடகைக்கு எடுத்த சைக்கிளை கடை வாசல்ல சாத்திட்டுப் போற மாதிரி 14 வருஷம் ஓடின ஒரு ஆளை சாத்தி வச்சிட்டுப் போயிட்டீங்க.

முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இல்லன்னா இதைப் படிக்கிறவங்க அரைப்பக்கத்துலயே என்னை ரசிகன்னு ஒதுக்கிடுவாங்க. அவரை டீம்ல இருந்து எடுத்தது தப்புன்னு நான் சொல்ல வரல. 2021 ஹெடிங்லில 22 ஓவர் போட்டு 92 ரன் குடுத்தாரு, ஒரு விக்கெட் இல்ல, ஓட்டத்துலயே பழைய வேகம் இல்லன்னு டிவில பாத்தாலே தெரிஞ்சுது. வயசு 33. பும்ரா, ஷமி, சிராஜ்னு மூணு பேரும் நல்ல ஃபார்ம்ல இருந்தாங்க. நான் செலக்டரா இருந்தாலும் அதேதான் செஞ்சிருப்பேன். எடுத்த முடிவு மேல எனக்கு சண்டையே இல்ல, எடுத்த விதமும் அதுக்கப்புறம் இத்தனை வருஷமா நீங்க காக்குற மௌனமும்தான் எனக்கு ஒத்துக்கல.

நான் யாருன்னா திண்டுக்கல் பக்கம் சாயங்கால நேரத்துல பசங்களுக்கு நெட்ஸ் போடுற ஒரு ஆளு. ஒரு காலத்துல டிவிஷன் கிரிக்கெட்ல புதுப்பந்து போட்டவன், முழங்கால் போனதுக்கப்புறம் நின்னாச்சு. இப்போ என்கிட்ட வர்ற பசங்கள்ல ஒருத்தன் 17 வயசுலயே ஆறடி மூணு அங்குலம், இன்னும் வளந்துட்டே இருக்கான். உயரமான பையன் வேகமா பந்து போட்டா பாக்குறவங்களுக்கு ஆசையா இருக்கும், எல்லாரும் வந்து ஏதாவது சொல்லிட்டுப் போவாங்க. ஒரு கேம்ப்புக்குப் போனா ரன்-அப்பை குறைக்கச் சொல்றாங்க, இன்னொரு கேம்ப்ல ரன்-அப் போதாது கூட்டுன்றாங்க, மூணாவது ஆளு மணிக்கட்டு சாயுதுன்றாரு, எப்படி நிமுத்துறதுன்னு கேட்டா பதில் இல்ல. அந்தப் பையனுக்கு இடுப்புக்கு மேல முதுகு வலி. நெட்டையா வளர்ற வயசுல இருக்குற ஃபாஸ்ட் பௌலர் பசங்களுக்கு கீழ் முதுகெலும்புல விரிசல் விடுறது ரொம்ப சகஜம்னு உங்க பிசியோங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. அவங்கம்மா வந்து "தம்பி, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்களே, எடுத்தே ஆகணுமா, இல்ல இவனை ஸ்பின் போட வச்சிடலாமா"ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?

அந்தப் பையன் ரூம்ல ஒட்டியிருக்குற படம் இஷாந்த் படம். பும்ரா மாதிரி போட முடியாதுன்னு அவனுக்கே தெரியும், அந்தக் கை வேற வகை. ஆனா ஆறடி நாலு அங்குலம், நீள முடி, பெரிய ஓட்டம், பெரிய கால், இது நமக்கும் வரும்னு நினைக்கிறான். போன மாசம் அவன் கேட்டான், "சார், இஷாந்த் ரிட்டயர் ஆயிட்டாரா இல்லையா?" எனக்குப் பதில் தெரியல. அவரு அறிவிக்கல, நீங்களும் சொல்லல. 2025-ல கூட குஜராத்துக்கு ஐபிஎல் ஆடிட்டுத்தான் இருந்தாரு. இந்தியாவுக்கு 100 டெஸ்ட்டுக்கு மேல ஆடின ஃபாஸ்ட் பௌலர் மொத்தமே ரெண்டு பேருதான், கபில் தேவும் இவரும். அதுல ஒருத்தரோட டெஸ்ட் வாழ்க்கை முடிஞ்சுதா இல்லையான்னு ஊருக்கே தெரியாதுன்னா அது யாரோட லட்சணம்னு நீங்களே சொல்லுங்க.

இப்போ அவரு என்ன செஞ்சாருன்னு கொஞ்சம் பேசணும், ஏன்னா மறந்துட்டீங்களோன்னு சந்தேகமா இருக்கு.

2007-ல டாக்கால முதல் டெஸ்ட் ஆடும்போது வயசு 18. அந்த வருஷ டிசம்பர்ல பெங்களூர்ல பாகிஸ்தானுக்கு எதிரா அஞ்சு விக்கெட். அடுத்த மாசமே பெர்த். ஆஸ்திரேலியா கேப்டன் ரிக்கி பாண்டிங் அப்போ இருந்த இருப்புக்கு ஒரு 19 வயசுப் பையன் அவரை அப்படி திணற வச்சதை நேரா டிவில பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. ஒவ்வொரு பந்தும் குட் லெங்த்ல விழுந்து உள்ள வந்து தொடைலயும் இடுப்புலயும் அடிக்குது, அடுத்தது அப்படியே விலகி மட்டையைத் தாண்டிப் போகுது. நம்ம கேப்டன் கும்ப்ளே பௌலரை மாத்தலாம்னு இருந்தாரு, சேவாக் போய், டெல்லில இவன் எவ்வளவு நேரம் வேணாலும் போடுவான், இன்னொரு ஓவர் குடுங்கன்னாரு, அந்த ஓவர்ல ஸ்லிப்ல திராவிட் கைல கேட்ச். ஆஸ்திரேலியா வரிசையா 16 டெஸ்ட் ஜெயிச்சிருந்த ஓட்டம் அந்த மேட்ச்ல நின்னுச்சு, 72 ரன்ல ஜெயிச்சோம். ஒண்ணு கவனிங்க, அந்த இன்னிங்ஸ்ல அவருக்குக் கிடைச்சது ஒரே ஒரு விக்கெட். ஸ்கோர்கார்டை மட்டும் பாத்து இந்த மனுஷனை எடை போட முடியாதுங்கிறது அந்த சீரிஸ்லயே தெரிஞ்சுபோச்சு. அந்த வருஷ அக்டோபர்ல ஆஸ்திரேலியா இங்க வந்தப்போ 15 விக்கெட் எடுத்து மேன் ஆஃப் த சீரிஸ், அதுவும் நம்ம ஊரு பிட்ச்ல.

அதுக்கப்புறம் வந்தது கஷ்ட காலம், அதையும் மறைக்க வேணாம். வேகம் குறைஞ்சுது, மணிக்கட்டு பந்துக்குப் பின்னாடி நிக்காம சாய ஆரம்பிச்சுது, லெங்த், அதாவது பந்து விழுற இடம், ஷார்ட்டாயிடுச்சு, கணுக்கால்ல ஆபரேஷன். 50 டெஸ்ட் ஆடியும் ஆவரேஜ் 35-க்கு மேலயே நின்னுச்சு. 2013 அக்டோபர்ல மொகாலில இவர் போட்ட ஒரே ஓவர்ல ஃபாக்னர் 30 ரன் அடிச்சாரு, ஆஸ்திரேலியாவுக்கு 18 பந்துல 44 வேணும்ங்கிற நிலைமைல இருந்து மேட்ச் கைய விட்டுப் போச்சு. அந்த ஒரு ஓவரை வச்சு நாடே கிண்டல் பண்ணுச்சு, வாரக்கணக்கா அழுதேன்னு அவரே பின்னாடி பேட்டில சொல்லியிருக்காரு. அதுக்கு நாலு மாசம் முன்னாடி, ஜூன் மாசம், பர்மிங்ஹாம்ல இங்கிலாந்தோட சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல்ல 18-வது ஓவரை தோனி இவர் கைலதான் குடுத்தாரு. மோர்கன், போபாரா அடுத்தடுத்த பந்துல அவுட், அஞ்சு ரன்ல கப்பு. அதை எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்கீங்க? அந்த 30 ரன்னை மட்டும் இன்னிக்கும் யூடியூப்ல போட்டு சிரிச்சிட்டு இருக்காங்க.

இந்த இடத்துலதான் வாரியத்துக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கு. அவரே ஒரு பேட்டில சொன்னது இது: இந்தியாவில உன் பிரச்சினை என்னன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, அதை எப்படி சரி பண்றதுன்னு சொல்ல ஆள் இல்ல. அந்த பதில் அவருக்கு எங்க கிடைச்சுது தெரியுமா? 2018-ல ஐபிஎல் ஏலத்துல அவரை யாருமே எடுக்கல. சரின்னு இங்கிலாந்துக்குப் போய் சசெக்ஸ் கவுண்டிக்கு ஆடினாரு, அங்க கோச்சா இருந்தவரு ஜேசன் கில்லெஸ்பி, ஆஸ்திரேலியாவோட பழைய நெட்டை பௌலர். ஃபுல்லா போடுறதுன்னா பந்தை மேல தூக்கி மிதக்க விடுறது இல்ல, பிட்ச்சை ஓங்கி அடிக்கணும், பந்து பேட்ஸ்மேன் கால்ல கட்டியிருக்குற பேட்ல முழங்கால் பக்கம் போய் படணும்னு அவரு சொல்லிக் குடுத்தாரு. அவ்வளவுதான் பாடம். 10 வருஷம் இந்தியாவுக்கு ஆடின ஆளுக்கு இதைச் சொல்ல ஒரு கவுண்டி டீம் தேவைப்பட்டுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. அந்த வருஷமே எட்ஜ்பாஸ்டன்ல ரெண்டாவது இன்னிங்ஸ்ல 51 ரன்னுக்கு 5 விக்கெட். 2018-ல மட்டும் 11 டெஸ்ட்ல 41 விக்கெட். வருஷக் கடைசில ஆஸ்திரேலியாவுல நாம முதல் தடவையா டெஸ்ட் சீரிஸ் ஜெயிச்ச டீம்ல பும்ரா, ஷமியோட மூணாவது ஆளா நின்னது இவர்தான். 2019-ல வெஸ்ட் இண்டீஸ்ல நார்த் சவுண்ட்ல 5, அடுத்த டெஸ்ட்ல கிங்ஸ்டன்ல மட்டையால 57 வேற அடிச்சாரு, கரியர்லயே ஒரே ஃபிஃப்டி. நவம்பர்ல ஈடன் கார்டன்ஸ்ல நம்ம நாட்டோட முதல் பகல்-இரவு டெஸ்ட்ல 22 ரன்னுக்கு 5 விக்கெட், மொத்தமா 9. அந்த மேட்ச்ல விழுந்த 19 பங்களாதேஷ் விக்கெட்டும் ஃபாஸ்ட் பௌலர்ஸுக்குத்தான் போச்சு, ஸ்பின்னர்ஸுக்கு ஒண்ணு கூட இல்ல, நம்ம மண்ணுல இப்படி நடக்கும்னு யார் நினைச்சது? 30 வயசு தாண்டி ஒரு ஃபாஸ்ட் பௌலர் தன் வாழ்க்கையோட பெஸ்ட்டைக் காட்டினாருன்னா அவர் தலைக்குள்ள இருக்குற அறிவு எவ்வளவு பெருசுன்னு யோசிங்க. அதுதான் அந்த ஆறடி மூணு அங்குலப் பையனுக்கு வேணும். அதை யாரும் எங்கயும் எழுதி வைக்கல.

லார்ட்ஸ் 2014-ஐ விட்டுட்டுப் போக முடியாது. இங்கிலாந்துக்கு டார்கெட் 319, அஞ்சாவது நாள் ரூட்டும் மொயீன் அலியும் கட்டையைப் போட்டு நின்னுட்டாங்க. தோனி இவரைக் கூப்பிட்டு பவுன்சரா போடுன்னாரு, இவருக்கு முதல்ல மனசே இல்ல, தோனி விடல. லஞ்சுக்குப் போற நேரத்துல ஒரு பவுன்சர், மொயீன் முகத்தைத் திருப்பிட்டு மட்டையை நீட்டி ஷார்ட் லெக்ல புஜாராகிட்ட குடுத்தாரு. லஞ்சுக்கப்புறம் பிரையர், ஸ்டோக்ஸ், ரூட், பிராட்னு வரிசையா எல்லாரும் அதே வைத்தியத்துல போனாங்க. 74 ரன்னுக்கு 7 விக்கெட், லார்ட்ஸ்ல 28 வருஷம் கழிச்சு வெற்றி. அந்த மேட்ச்ல நம்ம முரளி விஜய் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 95 அடிச்சாரு, அதை இங்க சொல்லாம போனா ஊர்ல பேச்சு வாங்குவேன். அப்படி உடம்பை முறிச்சுப் போட்டதுக்கு அடுத்த டெஸ்ட்டே காயத்தால ஆட முடியல. நாமளும் சீரிஸை 1-3ன்னு தோத்துட்டு வந்தோம்.

இன்னொரு கணக்கு. அவரு டெஸ்ட்ல அஞ்சு விக்கெட் எடுத்தது 11 தடவை. அதுல ரெண்டே ரெண்டுதான் இந்தியாவுல, பெங்களூரும் கொல்கத்தாவும். மீதி 9 வெளிநாட்டுல: பிரிட்ஜ்டவுன், ரோசோ, ஆக்லாந்து, வெலிங்டன் ரெண்டு தடவை, லார்ட்ஸ், கொழும்பு, எட்ஜ்பாஸ்டன், நார்த் சவுண்ட். ராத்திரியோ விடியக்காலையோ மட்டும்தான் நமக்கு டிவில தெரியுற ஊருங்க பாதி. நம்ம ஊர்ல டெஸ்ட் நடக்கும்போது புதுப்பந்தை அஞ்சாறு ஓவர் போட்டு அதோட பளபளப்பைக் கழட்டி அஷ்வின், ஜடேஜா கைல குடுக்குற வேலை, வெளிநாடு போனா காத்துக்கு எதிரா நாள் முழுக்க ஒரு முனையைப் பிடிச்சு நிக்கிற வேலை. ரெண்டுக்கும் பேர் கிடைக்காது. மொத்தம் 19,000 பந்துக்கு மேல போட்டிருக்காரு. வேகப்பந்து போடுறவன் ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் ஊன்றும்போது உடம்பு எடையைப் போல பல மடங்கு பாரம் அந்த ஒரு கால்ல இறங்கும், உயரமான ஆளுக்கு முதுகும் முட்டியும் படுற பாடு தனி. என் முழங்காலைக் கேட்டா கதை கதையா சொல்லும், நான் போட்டதெல்லாம் அதுல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

நீங்க ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல மாட்டேன், அது நியாயம் இல்ல. 2020-ல அர்ஜுனா விருது கிடைச்சுது. 2021 பிப்ரவரில அகமதாபாத்ல 100-வது டெஸ்ட்டுக்கு குடியரசுத் தலைவரே வந்து கௌரவிச்சாரு, நல்ல விஷயம், பாக்க சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அந்த மேட்ச் எப்படிப்பட்ட மேட்ச்? ரெண்டு நாள்ல முடிஞ்சுபோன ஸ்பின் பிட்ச். முதல் இன்னிங்ஸ்ல அஞ்சு ஓவர் போட்டாரு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒரு பந்து கூட அவருக்கு வரல, அக்சரும் அஷ்வினும் வாஷிங்டன் சுந்தருமா முடிச்சிட்டாங்க. 100-வது டெஸ்ட்ல ஒரு ஃபாஸ்ட் பௌலருக்கு அஞ்சே ஓவர். மட்டையால அன்னிக்கு ஒரு சிக்ஸர் அடிச்சாரு, இன்டர்நேஷனல்ல அவரோட முதல் சிக்ஸர், அதுதான் மிச்சம்.

அதே மாசம் அதுக்கு முன்னாடி சேப்பாக்கம். எங்க சேப்பாக்கம். இங்கிலாந்தோட முதல் டெஸ்ட், டான் லாரன்ஸ் எல்பிடபிள்யூ, 300-வது விக்கெட். கபில், ஜாகீருக்கு அப்புறம் இந்திய ஃபாஸ்ட் பௌலர்ஸ்ல மூணாவது ஆளு. கொரோனா காரணமா ஸ்டேடியத்துல ஒரு ஜனம் கிடையாது. சச்சினை அவுட் ஆக்கின பாகிஸ்தான் டீமுக்கே 1999-ல எழுந்து நின்னு கை தட்டின கூட்டம் சேப்பாக்கம் கூட்டம், நம்ம ஆளோட 300-வது விக்கெட்டுக்குத் தட்ட ஒரு கை இல்ல. அது உங்க தப்பு இல்லதான். ஆனா அந்தக் கடனை அடைக்க சான்ஸ் வந்துச்சு, 2024 செப்டம்பர்ல பங்களாதேஷ் டெஸ்ட்டுக்கு அதே சேப்பாக்கத்துல கூட்டம் நிறைஞ்சு இருந்துச்சு, அஷ்வின் சென்சுரியும் ஆறு விக்கெட்டும்னு ஊரே கொண்டாடுச்சு. ஒரு பத்து நிமிஷம் டீ பிரேக்ல இஷாந்தை அழைச்சு நிறுத்தியிருக்கலாமே. யாருக்கும் தோணல.

பேட்ஸ்மேனுக்கும் ஸ்பின்னருக்கும் மட்டும் நமக்கு விடை குடுக்கத் தெரியும் போல. சச்சினுக்கு வான்கடேல 200-வது டெஸ்ட், கங்குலிக்கு நாக்பூர், கும்ப்ளேக்கு டெல்லி, தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. ஜாகீர் கானுக்கு? 2014 பிப்ரவரில வெலிங்டன்ல மெக்கல்லம் 302 அடிச்ச இன்னிங்ஸ்ல 51 ஓவர் போட்டு 5 விக்கெட் எடுத்தாரு, அதுதான் கடைசி டெஸ்ட்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது, அதே மேட்ச்ல முதல் இன்னிங்ஸ்ல இஷாந்துக்கு 51 ரன்னுக்கு 6. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஜாகீரே ரிட்டயர்மென்ட்டை சொல்லிட்டுப் போனாரு. அவருக்கும் 311 விக்கெட், இவருக்கும் 311 விக்கெட், ரெண்டு பேருக்கும் ஒரே கதை. சமீபத்துல பெரிய பெரிய பேட்ஸ்மேன்களே இன்ஸ்டாகிராம்ல நாலு வரி போட்டு டெஸ்ட்டை முடிச்சுக்கிறாங்க, எங்க அஷ்வின் பிரிஸ்பேன்ல சீரிஸ் நடுவுல பிரஸ் மீட்ல சொல்லிட்டு ஃபிளைட் ஏறினாரு. இந்த வியாதி இப்போ எல்லாருக்கும் பரவிடுச்சு, ஆனா முதல்ல வந்தது ஃபாஸ்ட் பௌலர்ஸுக்குத்தான்.

இங்கிலாந்துக்காரங்களைப் பாருங்க, புகழணும்னு ஆசை இல்ல, ஆனா உண்மையை சொல்லணும். 2024-ல ஆண்டர்சனை வேணாம்னு முடிவு பண்ணினது அவங்கதான், அவரு இன்னும் ஆடணும்னுதான் இருந்தாரு. ஆனா கூப்பிட்டு நேருக்கு நேர் உக்கார வச்சு சொன்னாங்க, அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவோட ஆடுற ஆஷஸ் சீரிஸை யோசிக்கிறோம்னு காரணத்தையும் சொன்னாங்க, லார்ட்ஸ்ல ஒரு கடைசி டெஸ்ட் குடுத்தாங்க, அது முடிஞ்ச கையோட டீம்கூடவே பௌலிங் மென்ட்டரா வச்சிக்கிட்டாங்க. கசப்பான முடிவுதான், ஆனா ஆளுக்கு மரியாதை போகல, அவரோட அறிவும் டீமை விட்டுப் போகல. இதுக்குப் பெரிய பணமும் வேணாம், உங்ககிட்ட பணம் இல்லைன்னு சொன்னா சின்னப்பையன் கூட சிரிப்பான்.

சும்மா பழைய ஆளுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நினைக்காதீங்க. 2023 ஐபிஎல்ல எல்லாரும் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்ச ஆளு 50 லட்சத்துக்கு டெல்லிக்கு வந்து, அகமதாபாத்ல குஜராத்துக்கு எதிரா கடைசி ஓவர்ல 12 ரன்னை டிஃபெண்ட் பண்ணினாரு, அதுக்கு முந்தின ஓவர்ல டெவாட்டியா மூணு சிக்ஸர் அடிச்சு மேட்ச்சைத் திருப்பியிருந்தாரு. அன்னிக்கு நம்ம விஜய் சங்கருக்குப் போட்ட ஸ்லோ பால் இருக்கே, வேகமா கை சுத்தி பந்து மட்டும் மெதுவா வந்து ஸ்டம்ப்பைச் சாய்ச்சுது, அவருக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. 34 வயசுல புதுசா ஒரு பந்தைக் கத்துக்கிட்டு வந்து போடுற ஆள்கிட்ட கத்துக்குறதுக்கு எவ்வளவு இருக்கும்?

சரி, கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன்.

முதல்ல, இஷாந்த் சர்மாவோட டெஸ்ட் வாழ்க்கை பத்தி வாரியம் ஒரு அறிக்கை வெளியிடணும். இனி டெஸ்ட்டுக்குப் பரிசீலிக்கப் போறதில்லைன்னா அதை அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டு, அவர் சம்மதத்தோட எங்களுக்கும் சொல்லுங்க. ஏற்கனவே அவர்கிட்ட சொல்லியாச்சுன்னா அதையாவது ஊருக்குச் சொல்லுங்க.

சேப்பாக்கத்துல அடுத்த டெஸ்ட் எப்போ நடந்தாலும், இல்ல அவரோட சொந்த ஊர் டெல்லில நடந்தாலும், ஆட்ட நேரத்துல, கூட்டம் இருக்கும்போது அவரைக் கூப்பிட்டு கௌரவிக்கணும். டாஸுக்கு முன்னாடி காலி ஸ்டாண்டுக்கு முன்னாடி ஒரு பொக்கே குடுத்து போட்டோ எடுத்து அனுப்புற வேலை வேணாம். ஜாகீரையும் கூட நிறுத்துங்க, ரெண்டு 311-ம் ஒண்ணா நிக்கட்டும்.

இது எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமானது: பெங்களூர்ல பெரிய செலவுல புது சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் கட்டியிருக்கீங்க. அங்க 16-ல இருந்து 21 வயசு வரைக்கும் இருக்குற உயரமான ஃபாஸ்ட் பௌலர்ஸுக்குன்னு தனியா ஒரு புரோகிராம் போடுங்க, அதுக்கு இஷாந்தை கேளுங்க, ஆட்டம் இன்னும் பாக்கி இருக்குன்னு அவரு சொன்னா சீசன் இல்லாத மாசங்கள்லயாவது வரச் சொல்லுங்க. மணிக்கட்டு, லெங்த், முன்கால் இறங்குறது, சர்ஜரிக்கு அப்புறம் திரும்ப வர்றது, அவருக்குத் தெரிஞ்சதை வீடியோவா எடுத்து எல்லா மாநில சங்கத்துக்கும் அனுப்புங்க, தமிழ் உட்பட எல்லா மொழியிலயும் சப்டைட்டில் போட்டு. சென்னைல 1987-ல இருந்து எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் இருக்கு, டென்னிஸ் லில்லி, மெக்ராத்னு ஆஸ்திரேலியாக்காரங்க வந்து நம்ம பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நல்லதுதான், ஆனா 105 டெஸ்ட் ஆடின நம்ம ஆளு என்ன சொல்வாருன்னு கேக்க ஒரு இடம் வேணும்ல.

அதோட மாவட்ட அளவுல ஆடுற ஃபாஸ்ட் பௌலர் பசங்களுக்கு முதுகு ஸ்கேன் செலவை வாரியமே ஏத்துக்கணும். அந்தப் பையன் வீட்ல ஒரு எம்ஆர்ஐ எடுத்தா அந்த மாச சம்பளத்துல பெரும்பாதி போயிடும், அதனாலயே வலியோட போட்டுட்டு இருக்கான்.

கடைசியா, 50 டெஸ்ட்டுக்கு மேல ஆடின யாரையும் காண்ட்ராக்ட் லிஸ்ட்ல இருந்து எடுக்குறதுக்கு முன்னாடி தேர்வுக்குழுத் தலைவரோ கோச்சோ நேர்ல உக்காந்து காரணம் சொல்லணும்னு ஒரு விதியை எழுதி வைங்க, அதை வெப்சைட்லயும் போடுங்க. அடுத்த லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி செஞ்சா ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
திண்டுக்கல்ல இருந்து ஒரு பழைய டிவிஷன் பௌலர்